மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு பையனுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. காக்லியர் கருவியை ஒரு காதுக்கு வைப்பதா, இரண்டுக்குமா?

நெல்லிக்குப்பம்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், வாந்தி. பக்கத்தில் காட்டி மருந்து கொடுத்தோம். நாலாவது நாள் காலையில் எழுப்ப எழுப்ப எழவில்லை, வலிப்பு வந்துவிட்டது. பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்ததால் எந்தக் கிருமி என்று கல்ச்சரில் பிடிபடவில்லை. பதினாறு நாள் ஐ.வி. பிழைத்து வந்துவிட்டான்.

வார்டில் கண் விழித்த இரண்டாம் நாள், என் போனில் பாட்டு போட்டுக் கையில் கொடுத்தேன். "சவுண்டு வைம்மா" என்றான். வைத்தேன். மறுபடி "சவுண்டு வைம்மா". முழு சவுண்டில்தான் இருந்தது. பக்கத்து பெட் அம்மா திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சத்தம் காது நரம்பு வழியாகப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்ததில் இரண்டு காதிலும் 90 டெசிபல் வரைக்கும் ஒன்றும் பதிவாகவில்லை. ஒரு டாக்டர், "மூணு நாலு மாசம் சத்தத்தைக் கூட்டிக் குடுக்குற காது மெஷின் மாட்டிப் பாருங்க, அப்புறம் யோசிக்கலாம்" என்கிறார். இன்னொருவர், "உடனே எம்.ஆர்.ஐ. எடுங்க, இரண்டு காதுலயும் ஆபரேஷன் பண்ணி உள்ளே காக்லியர் கருவி வெச்சிடணும், தள்ளிப்போடாதீங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு காதுக்குத்தான் கிடைக்கும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டாவது காதுக்கு நாங்கள் கேட்டுப் பார்த்த இடத்தில் ஏழெட்டு லட்சம் என்றார்கள். அவர் கரும்பு லாரி ஓட்டுகிறார். நகையை வைத்தால் பாதி தேறும். இப்போது ஒன்று, பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இதுவும் காதோடு சேர்ந்ததா? மாமியார், "படுத்துக் கெடந்த அசதிதான், போகப்போகக் காதும் கேக்கும்" என்று திருவந்திபுரத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

---

காயில்கட்டி

தங்கச்சி, நான் டாக்டர் இல்ல. திருப்பாதிரிப்புலியூர்ல ஃபேன், மிக்ஸி, மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன். என் பொண்ணு இப்ப ஏழாவது படிக்கிறா. 2015 வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும், 2016 பிப்ரவரி, மூணு வயசு அவளுக்கு. இதே காய்ச்சல். நியூமோகாக்கஸ்ங்கற கிருமின்னு எழுதிக் கொடுத்தாங்க. அதுக்கு ஒரு தடுப்பூசி இருக்குன்னே அன்னிக்கு எங்களுக்குத் தெரியாது. தனியார்ல காசு குடுத்தாத்தான் போடுவாங்களாம். நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிகள்ல எல்லாக் குழந்தைக்கும் அது வந்தது 2021-லதான்.

உங்க கேள்விக்கு நேரா வரேன். ரெண்டாவது டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

நாங்க முதல் டாக்டர் பேச்சைக் கேட்டோம். எங்களுக்கு வாய்ச்சவரு ஆறு மாசமே குடுத்தாரு. பேர் வேண்டாம், எந்த ஊருன்னும் வேண்டாம். அவரு பொய் சொல்லல. பொறக்கும்போதே கேக்காத குழந்தைக்கு முதல்ல மெஷின் மாட்டி சில மாசம் பாக்குறதுதான் வழக்கமாம். ஆனா காய்ச்சல்ல போன காதுக்கு அந்தக் கணக்கு ஆகாது. உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், அதுதான் காக்லியா. உள்ளே முழுக்கத் திரவம். கிருமி அதுக்குள்ள பூந்து புண்ணாக்கிட்டா, ஆறும்போது நார் விழுது, அப்புறம் அந்த நாரே எலும்பா இறுகிடுது. சில பிள்ளைங்களுக்கு சில வாரத்துலயே ஆரம்பிச்சிடுமாம். நம்ம தொழில்ல இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகல. கம்பி இறங்குற பள்ளம், அதான் ஸ்லாட், அடைச்சுப்போன மோட்டார் மாதிரி. நீ எவ்வளவு ஒசத்திக் காப்பர் வாங்கிட்டு வந்தாலும் கம்பியை இறக்க எடம் இருக்காது.

செப்டம்பர்ல ஆபரேஷன். அதுவும் காப்பீட்டுலதான், வலது காதுக்கு. காக்லியாவுக்குள்ள இறக்குற கம்பியில நரம்பைத் தூண்டுற புள்ளிங்க இருக்கும், எலக்ட்ரோடும்பாங்க. 22 எலக்ட்ரோடுல 13 உள்ள போச்சு, மீதி வெளியே நின்னுடுச்சு. அந்த 13-ஐ வெச்சுத்தான் என் பொண்ணு ஸ்கூலுக்குப் போறா, அவ அம்மாகூட சண்டை போடுறா. இடது காது சி.டி. படத்துல முழுக்க வெள்ளை. வெள்ளைன்னா எலும்பு. ஒரு வருஷம் கழிச்சு கடன் வாங்கி அதுக்கும் வெச்சிடலாம்னு போனோம், படத்தைக் காட்டி அனுப்பிட்டாங்க. நகையை வட்டி கட்டி என்னிக்காவது மீட்டுக்கலாம். நான் சொல்ல வர்றது உங்களுக்குப் புரியும்.

அதுக்காகக் கண்ணை மூடிட்டு கடன் வாங்குங்கன்னு சொல்லல. எம்.ஆர்.ஐ. எடுங்க. அதுல உள்ளே திரவம் இருக்கா, குறைஞ்சிருக்கான்னு தெரியும். எலும்பாகுறதுக்கு முந்தியே எம்.ஆர்.ஐ. காட்டிக் குடுத்துடும், சி.டி.யில தெரியறப்ப லேட்டு. எந்தக் காது முதல்ல அடைக்குதோ அதுதான் அவசரம். காப்பீட்டுக்கு ஆறு வயசுக்குள்ள இருக்கணும், உங்க பையன் இருக்கான். வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள. வி.ஏ.ஓ. கிட்ட சர்டிஃபிகேட் வாங்க இன்னிக்கே போங்க, எங்களுக்கு அந்தப் பேப்பருக்கே மூணு வாரம் போச்சு.

சாதனம் எப்படி வேலை செய்யுதுன்னு வீட்டுல பெரியவங்க பயந்தா நான் சொல்றதைச் சொல்லுங்க. மண்டைக்கு உள்ள ஒரு காயில், தோலுக்கு வெளியே ஒரு காயில். நடுவுல ஒயரும் இல்ல, ஓட்டையும் இல்ல. டிரான்ஸ்ஃபார்மர்ல பிரைமரிக்கும் செகண்டரிக்கும் ஒயரா போகுது? அதே மாதிரிதான், கரன்ட்டும் சத்தமும் சேர்ந்தே தாண்டிப் போகுது. ரெண்டும் நேருக்கு நேரா நிக்க ஒரு காந்தம். ஷாக் அடிக்காது. நாப்பது வருஷமா காயில் கட்டுறவங்க எங்க குடும்பம், இவ்வளவு சின்ன காயிலை நான் பாத்ததில்ல.

ஆபரேஷனுக்கு அப்புறம் வெளி மெஷினை மாட்டி முதல்முறை சுவிட்ச் ஆன் பண்ற அன்னிக்கு யூடியூப்ல வர்ற மாதிரி பிள்ளை சிரிக்கும்னு எதிர்பார்க்காதீங்க. என் பொண்ணு கத்தி அழுது மேஜைக்கு அடியில போய் உக்காந்துட்டா. ரெண்டு மாசம் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டா. ஒருநாள் ராத்திரி கடை சாத்த ஷட்டரை இறக்குறேன், வெடுக்குனு திரும்பினா. ஏத்தினேன், திரும்பினா. பத்து தரம் ஏத்தி இறக்கியிருப்பேன். எதிர் டீக்கடைக்காரரு, "தொறக்குறியா மூடுறியா, ஒண்ணு சொல்லுய்யா"ன்னாரு. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

தள்ளாட்டம் பத்திக் கேட்டீங்க. ஆமா, அதுவும் காதுதான். உடம்பு நேரா நிக்குதா சாயுதான்னு சொல்ற பாகமும் அதே எலும்புக்குள்ளதான் இருக்கு. என் பொண்ணு மறுபடி தவழ்ந்து, நின்னு, நடந்தா. நாலஞ்சு மாசத்துல பகல்ல ஓட ஆரம்பிச்சிட்டா, கண்ணால பாத்துச் சமாளிச்சுக்கிறா. இருட்டுல இன்னிக்கும் கை பிடிக்கணும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லல: தண்ணிக்குள்ள முங்கினா மேல எது கீழ எதுன்னு இவங்களுக்குத் தெரியாமப் போயிடலாம். சில்வர் பீச்சுல முழங்கால் தண்ணியில ஒரு அலை தட்டி விழுந்தா, எழுந்திருக்கத் தெரியாம அடியில கைய வீசிட்டு இருந்தா. அஞ்சாறு செகண்ட்தான். மாசிமகத்துக்குக் கூட்டிட்டுப் போனா இப்பவும் தோள்ல தூக்கி வெச்சுத்தான், பன்னெண்டு வயசுப் பொண்ணு, வெக்கப்படுறா.

மத்தபடி வாழ்க்கை எப்படின்னா, ஈரத்தோட சண்டை. கடலோரக் காத்து வெளியே மாட்டுற இந்த மெஷினுக்கு ஆகாது. ராத்திரி ட்ரை பாக்ஸ்ல போட்டு மூடணும், உள்ள இருக்கற சிலிக்கா குண்டு நிறம் மாறினா மாத்தணும். வார்னிஷ் காய வைக்க எங்க கடையில பல்பு போட்ட பெட்டி இருக்கு, ஒரு மழைநாள் அதுல வைக்கலாம்னு கை போயிடுச்சு. வெச்சிருந்தா பிளாஸ்டிக் இளகியிருக்கும். நீங்க அரிசி டப்பா, அடுப்பு மேல எல்லாம் வெச்சிடாதீங்க. சார்ஜ் பேட்டரி இருந்தாலும் 675 நம்பர் பட்டன் பேட்டரி ஒரு அட்டை எப்பவும் வீட்டுல இருக்கட்டும். ஃபெஞ்சல் புயல்ல, தென்பெண்ணையில சாத்தனூர் தண்ணி வந்த வாரம், கரன்ட் இல்லாத நாள்ல அதுதான் காப்பாத்துச்சு. மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை உரிச்சதும் மாட்டக்கூடாது, ஒரு நிமிஷம் காத்து குடிக்க விட்டு மாட்டணும்.

பஸ்ஸுல ஜன்னலோரம் உக்கார வைக்காதீங்க. பாண்டிக்கு மேப்பிங், அதான் மெஷினோட சத்த அளவைச் சரிபண்ண, போற வழியில, கிருமாம்பாக்கத்துக்கிட்ட தூங்கிச் சாஞ்சா, வெளிக் காயில் போய் ஜன்னல் கம்பியில ஒட்டிக்கிச்சு. முதலியார்பேட்டை வந்தப்புறம்தான் தலையில இல்லைன்னு பாத்தோம். கம்பியிலயே தொங்கிட்டு இருந்துச்சு, நல்லவேளை. எவர்சில்வர் கம்பியா இருந்திருந்தா ஒட்டாம நேரா ரோட்டுல விழுந்திருக்கும்.

---

பேச்சுப்பயிற்சி_பாண்டி

அம்மா, நான் புதுச்சேரியில் காக்லியர் வைத்த குழந்தைகளுக்குக் கேட்டல், பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். மேலே அண்ணன் எழுதியிருப்பதில் மருத்துவமாகத் திருத்த அதிகம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் எலும்பாவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால்தான் அவசரம். மெஷினை மாட்டிப் பார்க்கட்டும், தப்பில்லை. அந்த நாட்களில் ஸ்கேனும் காப்பீட்டுத் தாளும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அடைப்பு தொடங்கியிருந்தாலும் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். துளையிட்டு வழி எடுப்பார்கள், அப்படிப்பட்ட காதுக்கென்றே இரண்டாகப் பிரிந்த எலக்ட்ரோடும் இருக்கிறது. சர்ஜனிடம் கேளுங்கள்.

நியூமோகாக்கஸ் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். காக்லியர் வைத்த பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். விட்டுப்போன ஊசி இருந்தால், முடிந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை வந்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள்.

நான் எழுத வந்தது வேறு. உங்கள் பையனுக்கு நாலு வருடத் தமிழ் உள்ளே இருக்கிறது. பிறவியிலேயே கேட்காத குழந்தையைவிட அவன் எங்கோ முன்னால் நிற்கிறான். ஆனால் தன் குரலே தனக்குக் கேட்காமல் போனால் பேச்சு வாரக் கணக்கில் குழைய ஆரம்பிக்கும். முதலில் போவது சொல்லின் வால். "கடைக்கு", "கடையில", "கடையிலேருந்து" மூன்றும் வெறும் "கடை" ஆகிவிடும். நம் மொழியில் பாதி அர்த்தம் அந்த வாலில்தான் இருக்கிறது. அதனால் இன்றிலிருந்தே, கேட்காது என்று தெரிந்தும், முகம் தெரிய எதிரில் உட்கார்ந்து முழு வாக்கியமாகப் பேசுங்கள். சைகையும் காட்டுங்கள், படமும் வரையுங்கள். சைகை காட்டினால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் இந்த நேரத்தில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு முதலில் உங்களோடு பேச ஏதோ ஒரு வழி வேண்டும்.

சுவிட்ச் ஆன் ஆனபிறகு தினம் காலையில் ஆறு ஒலி: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பின்னால் நின்று சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறானா பாருங்கள். தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சு ஒலி வரை பேச்சின் எல்லாப் பக்கமும் இதில் வந்துவிடும். நேற்று வரை சொன்ன "ஸ்" இன்று வரவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் நாங்கள் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத்தான். பயிற்சி நடப்பது உங்கள் சமையலறையில். வெங்காயம் உரிக்கும்போது ஒன்றரை மணி நேரம் பேசலாம், மனசிருந்தால்.

---

வலதுகாது

அக்கா, நான் அரியாங்குப்பம். வயசு 22. அஞ்சு வயசுல மூளைக்காய்ச்சல், ஒரு காதுல காக்லியர். அப்பா நிலத்தை வித்து வெச்சாரு. பி.காம் முடிச்சிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன்.

ஒரு காது போதுமான்னா, வாழ்ந்துடலாம். ஆனா எந்தப் பக்கம் கூப்பிடுறாங்கன்னு தெரியாது. யாராவது "டேய்"னா சுத்திமுத்திப் பாக்கணும், ஹாரன் முன்னாடியா பின்னாடியான்னு ரோட்டுல தெரியாது. கல்யாண மண்டபத்துல மேளம் ஆரம்பிச்சா பக்கத்துல பேசுறது எதுவும் விழாது, நான் சாப்பாட்டு வரிசைக்குப் போயிடுவேன். பாண்டி பஸ் ஸ்டாண்டு மைக்ல என்ன சொல்றாங்கன்னு இதுவரைக்கும் ஒருநாளும் புரிஞ்சதில்ல. கேக்குற நண்பர்களும் புரியலன்னுதான் சொல்றாங்க.

ஸ்கூல்ல சொல்லி முன் பெஞ்சு, ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி உக்கார வைங்க. போர்டுல எழுதிட்டே பேசுற சார்கிட்ட திரும்பிப் பேசச் சொல்லுங்க, ஒரு வாரம் ஞாபகம் வெச்சிருப்பாரு, மறுபடி சொல்லணும். யு.டி.ஐ.டி. கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்துடுங்க, பரீட்சைச் சலுகைக்கு வேணும். பசங்க "ரோபோ"ம்பாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

ஹெல்மெட் ஒரு தலைவலி. உள் பஞ்சைக் கொஞ்சம் வெட்டினாத்தான் காயில் நகராது, வெட்டினா ஹெல்மெட்டோட பாதுகாப்பு போச்சு. அதனால ஓட்டும்போது கழட்டிப் பைல வெச்சிட்டு கண்ணாடியைப் பாத்து மெதுவாப் போறேன். அம்மாவுக்குத் தெரியாது.

ராத்திரி கழட்டி வெச்சப்புறம் வர்ற அமைதி இருக்கே, அது உங்க யாருக்கும் கிடைக்காது. கொசு சத்தம்கூடக் கிடையாது. கடிச்சாத்தான் தெரியும்.

---

நெல்லிக்குப்பம்_அம்மா

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு அன்றே எம்.ஆர்.ஐ. நாள் வாங்கினோம். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். வலது காதில் திரவம் முழுக்க இருக்கிறது. இடது காதில் முதல் சுற்று ஆரம்பிக்கும் இடத்திலேயே குறைந்திருக்கிறது. சர்ஜன் படத்தில் விரல் வைத்துக் காட்டினார், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மங்கலாக, அழிரப்பரால் தேய்த்தது மாதிரி இருந்தது. இரண்டும் சேர்த்து, இந்த மாதத்துக்குள் என்று சொல்லிவிட்டார். ஒன்று காப்பீட்டில். இன்னொன்றுக்கு என் நகை, அவர் முதலாளியிடம் முன்பணம், சீட்டை முன்கூட்டி எடுத்தது. அப்படியும் துண்டு விழுந்தது. நேற்று மாமியார் எதுவும் பேசாமல் தாலிச் சரடை மட்டும் கழுத்தில் விட்டுவிட்டு செயினைக் கழற்றி சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மேடம், "கடை" உதாரணம் படித்தபோது அழுதுவிட்டேன். அவன் இப்போதே "பாட்டி வீட்டுக்கு" என்பதை "பாட்டி வீ" என்கிறான்.

அண்ணா, ஒரே ஒரு சின்ன சந்தேகம். மாமியார் மொட்டையை விடுவதாக இல்லை. ஆபரேஷனுக்கு எப்படியும் முடி எடுப்பார்கள்தானே, முன்னாடி போட்டுவிடலாமா, இல்லை எல்லாம் முடிந்து போடலாமா?

---

காயில்கட்டி

முன்னாடியே போட்டுடுங்க தங்கச்சி. சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஆபரேஷனுக்கு ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட்டு. கத்தி கீறல் ஏதாவது பட்டா ஆறணும். ஆஸ்பத்திரியில காதுக்குப் பின்னாடி கொஞ்சம்தான் சிரைப்பாங்க, முழு மொட்டை அவங்களுக்குத் தேவையில்ல. ஆனா தையல் போட்ட தலையில நாவிதர் கத்தி வைக்கவே கூடாது.

இன்னொரு சங்கதி, நாங்க பட்டது. வெளிக் காயில்ல இருக்கற காந்தத்துக்கு நம்பர் உண்டு, பலம் கூடக் குறைய இருக்கும். மொட்டைத் தலையில பலமான காந்தம் வெச்சா தோலை ரெண்டு பக்கமும் அழுத்திப் புண்ணாக்கிடும். எங்க பொண்ணுக்கு சிவந்து தடிச்சு, பத்து நாள் மெஷினே போடாம இருந்தா. அதனால சுவிட்ச் ஆன் அன்னிக்கு முடி இருக்கற அளவைக் காட்டி, குறைஞ்ச பலத்துல குடுக்கச் சொல்லுங்க. முடி வளர்ந்து காயில் நழுவி நழுவி விழ ஆரம்பிச்சா அப்ப ஒரு நம்பர் ஏத்திக்கலாம். தினம் ராத்திரி கழட்டினதும் காந்தம் இருந்த எடத்தை விரலால தடவிப் பாருங்க. சூடாவோ தடிப்பாவோ இருந்தா மறுநாளே போன் பண்ணிடணும். ரெண்டு பக்கமும் பாக்கணும், உங்க பையனுக்கு ரெண்டு ஆச்சே.